வண்டியும் வழியும்

மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்னரும் செல்வர் ஊர்ந்து சென்றனர். யானையும் குதிரையும் பல்லக்கும் ஏறியோரின் தகுதியைக் கண்டோர்க்கு அறிவித்தன. பல்லக்கு வருங்கால் எதிரில் வருவோர் ஒதுங்கி நின்றனர். கட்டியங் கூறுவோர் முன்னே ஓடி வழி விலக்கினர். மரமும் பட்டும் போய் இரும்பும் பெட்ரோலும் வந்த பின்னரும் அப்பழைய வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. விலையுயர்ந்த கார் ஒன்று தெருவில் வருமாயின், அதனுள் இருப்பவர் எத்துணை இன்பமாக அமர்ந்திருக்கின்றார் என்பதையே பலரும் எண்ணுவர். அவ்வண்டிக்கு யார் வழிவிட வேண்டும், அது யாருக்கு வழிவிடும் என்னும் கேள்வியும் அதனோடு உடனெழுவதாகும். இக்கேள்விக்கு நாடுதோறும் விடை வேறுபடுகின்றது. அவ்வேறுபாடு அந்தந்த நாட்டு வண்டிகளின் உடலிலேயே பதிந்து கிடக்கின்றது.

இங்கிலாந்து இவ்வகையில் விந்தையான வரலாறு உடையது. நீராவியால் ஓடும் வண்டிகள் சாலைக்கு வந்த காலத்தில், 1865-ஆம் ஆண்டு, அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஊர்ப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும், நகருக்குள் 2 மைலுக்கு மேலும் அவ்வண்டிகள் செல்லலாகாது; வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவன் செங்கொடி ஏந்தி நடந்து செல்லுதல் வேண்டும் என்பது அதன் விதி. குதிரைகள் மிரளாதிருக்கவும், சாலையில் நடப்போர் முன்னறிந்து ஒதுங்கவும் இவ்வேற்பாடு செய்யப்பட்டது. பல்லக்கின் முன் ஓடிய கட்டியக்காரனுக்கும் இக்கொடிக்காரனுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. முன்னவன் செல்வரின் பெருமையை அறிவித்தான். பின்னவனோ வருகின்ற இடரை அறிவித்தான். 1878-ஆம் ஆண்டில் செங்கொடி கட்டாயம் அன்று என ஆயிற்று. 1896-ஆம் ஆண்டில் எடை குறைந்த வண்டிகளுக்கு ஏனைய கட்டுகளும் தளர்த்தப்பட்டு, மணிக்கு 14 மைல் வரை செல்லலாம் என இசைவு கிடைத்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 14-ஆம் நாளில் வண்டி வைத்திருந்தோர் இலண்டனிலிருந்து கடற்கரை நகரமாகிய பிரைட்டனுக்கு ஊர்வலமாக ஓட்டிச் சென்று அவ்விடுதலையைக் கொண்டாடினர்.

இங்ஙனம் அஞ்சி அஞ்சி வழிவிட்ட நாட்டிலேதான் உலகின் மிக அமைதியான வண்டி பிறந்தது. 1904-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து ஓட்டல் ஒன்றில் இருவர் சந்தித்தனர். ஒருவர் சார்லஸ் ரோல்ஸ். பிரபு ஒருவரின் மகன். உயர்ந்த கல்வி பெற்றவர். மற்றவர் ஹென்றி ராய்ஸ். மாவரைக்கும் ஆலை நடத்தி நொடித்துப்போனவரின் மகன். இளமையிலேயே செய்தித்தாள் விற்றும், தந்திகளை வீடுதோறும் சேர்த்தும் பிழைத்தவர். பிறப்பால் பெரிதும் வேறுபட்ட இவ்விருவரும் கைகோத்ததன் பயனே ரோல்ஸ் ராய்ஸ் என்னும் பெயர். ராய்ஸின் இயல்பு ஒன்றே இங்குக் குறிக்கத்தக்கது. பிறர் செய்த வண்டியின் இரைச்சலையும் நடுக்கத்தையும் அவரால் பொறுக்க இயலவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் மீண்டும் மீண்டும் திருத்தி, ஓடுவது தெரியாமல் ஓடும் எஞ்சினை ஆக்குவதிலேயே அவர் கருத்துச் சென்றது. 1907-ஆம் ஆண்டில், 'சில்வர் கோஸ்ட்' என்னும் அவர்தம் வண்டியை இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மேற்பார்வையாளர் முன்னிலையில் ஓட்டிச் சோதித்தனர். பழுதினால் நின்றுவிடாமல் 14,371 மைல் அது ஓடிற்று. அக்காலத்தில் ஐம்பது மைல் பழுதின்றிச் செல்வதே பேறாகக் கருதப்பட்டது என்பதை நினைத்தால் அச்செயலின் அருமை விளங்கும். ஐம்பது ஆண்டு கழித்து, 1958-ஆம் ஆண்டில், அந்நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வேறொரு பெருமை பேசிற்று; மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது வண்டிக்குள் உரக்கக் கேட்பது மின்கடிகாரத்தின் ஒலியே என்பதாம்.

இவ்வமைதி யாருக்கு? பின்னிருக்கையில் அமர்ந்திருப்போர்க்கே. அக்காலத்து ஆங்கிலேயச் செல்வர் தம் வண்டியைத் தாமே ஓட்டுவது அரிது. வண்டியோட்டியைக் குறிக்கும் 'ஷோஃபர்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியில் உலைக்குத் தீமூட்டுபவனைக் குறிப்பது. நீராவி எஞ்சினுக்கு விறகிட்டவனின் பெயரே பின்னர்ச் சீருடை அணிந்த ஓட்டுநனுக்கு வந்து சேர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இவ்வோட்டுநர்களுக்கெனத் தனிப் பள்ளி ஒன்றை நடத்திற்று. உள்ளிருப்போர் அசைவை உணராதவாறு வண்டியை எடுத்தலும் நிறுத்தலும் அங்குப் பாடமாயின. பின்னிருப்போர் அமைதியாக இருக்கவேண்டுமாயின் முன்னிருப்பவன் பொறுமையாக இருக்கவேண்டும். முந்துதல், முட்டுதல், திடீரென நிறுத்துதல் ஆகியவை அவ்வண்டியின் இயல்புக்கே மாறானவை. ஆங்கிலேயரின் சாலைப் பண்பு இவ்வண்டியிலிருந்து வந்தது என்று கூறுதல் மிகையாகும். எனினும் வரிசையில் நிற்பதைக் கடமையெனக் கருதும் மக்களும், ஓசை எழுப்புதலை இழுக்கெனக் கருதும் வண்டியும் ஒரே நாட்டில் தோன்றியதில் வியப்பொன்றும் இல்லை.

வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி ஒன்று உண்டு. முன்விளக்கை ஒரு முறை மின்னச் செய்து அணைப்பதே அம்மொழி. பிரிட்டனின் சாலை விதிநூல், 'யான் இங்கு உள்ளேன்' என்று உணர்த்துவதற்கன்றி வேறெதற்கும் விளக்கை மின்னச் செய்யலாகாது என்கிறது. ஆயினும் நடைமுறையில் அந்நாட்டார் இதற்குக் கொள்ளும் பொருள், 'தாங்கள் முன்னே செல்லுங்கள்' என்பதே. இத்தாலியிலோ அதே ஒளிக்கு, 'நான் வருகின்றேன், விலகுக' என்பது பொருள். இந்தியச் சாலைகளிலும் இப்பின்னைப் பொருளே வழங்குகின்றது. இலண்டனில் பழகிய ஒருவர் மிலான் நகரத்துக்குச் சென்று, எதிர்வந்த ஒளியை அழைப்பென்று கருதி வண்டியை முன்செலுத்துவாராயின் விளைவு என்னாகும்? சொல் ஒன்றாயிருந்து பொருள் மாறுபடும்போது உரையாடலில் நேர்வது நகைப்பு. சாலையில் நேர்வது உயிர்க்கேடு.

ஜெர்மனியில் வண்டியின் இலக்கணம் வேறு. மோட்டார் வண்டியின் பிறப்பிடம் அந்நாடே. கார்ல் பென்ஸ் என்பவர் 1886-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரினார். எனினும், அவ்வண்டி நெடுந்தொலைவு செல்லவல்லது என்று மெய்ப்பித்தவர் அவர்தம் மனைவி பெர்த்தா அம்மையார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கணவரிடம் கூறாமலே மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்த தம் தாய்வீட்டுக்கு அவர் வண்டியை ஓட்டிச் சென்றார். எரிநெய் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகிய ஊசியால் நீக்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்துவித்தார். தானே ஓட்டுதல், தானே பழுதறிதல் என்னும் பண்பு அந்நாட்டு வண்டிகளோடு அன்றே உடன்பிறந்தது எனலாம்.

இப்பண்புக்கு ஏற்ற சாலை பின்னர் வந்தது. கோலோன் நகரையும் பான் நகரையும் இணைத்து, குறுக்குச் சாலையே இல்லாததாக அமைந்த நெடுஞ்சாலையை 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கோலோன் நகரத் தலைவர் அடினவர் திறந்து வைத்தார். இத்தகைய சாலைகளை இட்லரே கண்டுபிடித்தார் எனச் சிலர் இன்றும் கூறுவர். இட்லர் ஆட்சிக்கு வருமுன்னரே இது திறக்கப்பட்டுவிட்டது. 'ஆட்டோபான்' என வழங்கும் இச்சாலைகளில் பல பகுதிகளுக்கு வேக எல்லை உண்டு. ஏனைய பகுதிகளில் எல்லை இல்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது 1978 முதல் அறிவுரையாக மட்டும் கூறப்பட்டு வருகின்றது. எல்லை இல்லை என்றதும் ஒழுங்கும் இல்லை எனக் கருதுதல் பெரும் பிழை. அங்கு வலப்புறம் ஒதுங்கிச் செல்லுதல் கட்டாயம்; முந்துவோர் இடப்புறமாக மட்டுமே முந்தலாம். முன்செல்வோரை நெருங்கி அச்சுறுத்துவது குற்றம். எரிபொருள் தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றாலும் தண்டம் உண்டு. முன்னறிந்து நிரப்பாதது ஓட்டியவரின் பிழையன்றோ! சாலை நெருக்குண்டு வண்டிகள் ஊரத் தொடங்கினால், இடக்கோடித் தடத்தில் உள்ளோர் இடப்புறமும் ஏனையோர் வலப்புறமும் ஒதுங்கி, இடையே மருத்துவ வண்டிக்கு வழி விடுதல் வேண்டும். விபத்து நிகழ்ந்ததா என்று தெரியுமுன்னரே அவ்வழி திறந்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். கோடி மதிப்புள்ள வண்டியும் பழைய வண்டியும் இதில் ஒன்றே.

விரைவு மிகுந்த நாட்டில் மோதலின் அச்சமும் மிகுதி. வேகம் இரு மடங்கானால், வண்டியை நிறுத்தத் தேவையான தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒன்று சுவரில் மோதிப் பத்துச் செண்டிமீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொள்க. உள்ளிருப்பவர் உடலின் மீது அவர் எடையைப்போல் நூறு மடங்கு அளவான விசை தாக்கும். எவரும் பிழைத்தல் அரிது. அதே வண்டியின் முன்பகுதி நசுங்கி அறுபது செண்டிமீட்டர் தொலைவில் நிற்குமாயின், அவ்விசை பதினாறு மடங்காகக் குறைந்துவிடும். பேலா பரேனி என்னும் பொறியியலார் இவ்வுண்மையைக் கொண்டு ஒரு வண்டியை வகுத்தார். நடுவில் மக்கள் அமரும் அறை உறுதியாக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் வேண்டுமென்றே மெலிவாக, நசுங்குமாறு செய்யப்படவேண்டும் என்பது அவர் கருத்து. இதற்கென 1951-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டியில் அது முழு வடிவம் பெற்றது. உறுதியே உயர்வு என்று நம்பியிருந்த உலகுக்கு, நசுங்குவதும் ஓர் உயர்வே என்று காட்டிய வண்டி அது. அந்நாட்டில் மெர்சிடிஸ் வண்டி அமைச்சர்க்கும் உண்டு. வெளிறிய மஞ்சள் வண்ணம் பூசி வாடகைக்கும் ஓடும். வேக எல்லை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் அங்கு இன்றும் வழக்காடி வருகின்றனர்.

இத்தாலியின் விலையுயர்ந்த வண்டிகள் பந்தயத்தில் பிறந்தவை. மோட்டார் வண்டிக்கென்றே தனிச் சாலையை 1924-ஆம் ஆண்டிலேயே மிலான் நகரிலிருந்து ஏரி நாட்டை நோக்கி அமைத்தவர் அவர். ஆயினும் பொதுச்சாலையிலேயே பந்தயம் நடத்தும் வழக்கமும் அங்கு இருந்தது. ஆயிரம் மைல் என்னும் பொருள்படும் 'மில்லே மீலியா' பந்தயம் 1927-ஆம் ஆண்டு முதல் ஊர்கள் ஊடே ஓடிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், பந்தயம் முடியச் சிறிது தொலைவே இருக்கையில், ஃபெராரி வண்டி ஒன்றின் டயர் வெடித்தது. ஓட்டியவரும் துணைவரும் மாண்டனர். சாலையோரம் நின்று கண்டு களித்த ஒன்பதின்மரும் மாண்டனர். அவருள் ஐவர் சிறுவர். அத்துடன் அப்பந்தயம் நிறுத்தப்பட்டது. வண்டியை ஆக்கிய என்சோ ஃபெராரி மீது வழக்குத் தொடரப்பட்டு, 1961-ஆம் ஆண்டில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

பிரான்சு நாட்டில் உலகப்போருக்குப் பின் பெரிய எஞ்சின்களுக்குக் கடும் வரி விதித்தனர். அதனால் அந்நாட்டின் பழைய பெருவண்டி நிறுவனங்கள் பல மறைந்தன. ஆற்றலால் உயர இயலாதபோது அறிவால் உயரலாம் என்று கண்டது சித்ரோவன் நிறுவனம். 1955-ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசுக் கண்காட்சியில் அது வெளியிட்ட 'டி.எஸ்.' என்னும் வண்டிக்கு முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் பதிவு செய்தனர். அதன் எஞ்சின் எளிய நான்கு உருளை எஞ்சினே. புதுமை சக்கரத்தின் மேல் இருந்தது. எஃகுச் சுருள்களுக்கு மாறாக, உருண்டைக் கலங்களில் அடைத்த வாயுவும் எண்ணெயும் அவ்வண்டியைத் தாங்கின. போரில் சிதைந்த நாட்டுப்புறச் சாலையின் மேடுபள்ளம் உள்ளிருப்போரை எட்டவில்லை. இவ்வின்பம் ஒரு முறை உயிரையும் காத்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் பாரிசுக்கு அருகில் குடியரசுத் தலைவர் தெகால் சென்ற டி.எஸ். வண்டியைக் கொலைஞர் சுட்டனர். டயர்கள் துளைபட்டன, எனினும் வண்டி கவிழாமல் விரைந்து தப்பிற்று. தெகாலும் அவர் துணைவியாரும் காயமின்றி மீண்டனர்.

அந்நாட்டுச் சாலை வழக்குகளுள் ஒன்று அயலாரைத் திகைக்க வைப்பதாகும். வேறு குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவர்க்கே முன்னுரிமை. பெருஞ்சாலையில் செல்லும் பெருவண்டியும், வலப்புறச் சிறுதெருவிலிருந்து வரும் காய்கறி வண்டிக்கு நின்று வழிவிடுதல் வேண்டும். ஏனைய பல நாடுகளிலும் இவ்விதி உண்டெனினும், பிரெஞ்சுக்காரர் இதனைத் தம் உரிமைகளுள் ஒன்றாகவே கருதுவர். சிறுதெருவிலிருந்து திரும்பியும் பாராது வெளிப்படுவாரும் உளர். சட்டம் சமமாக இருந்தாலும் மனம் அமைதியாக இருந்தாலன்றோ சந்திப்பு நலமாகக் கடக்கும்!

அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால், இடமும் பெட்ரோலும் மலிந்த நாட்டில், வண்டி நீண்டது. 1959-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டி ஏறத்தாழ 19 அடி நீளம் இருந்தது; அதன் பின்புறத்தில் வானூர்தியின் வாலைப் போன்ற இரு துடுப்புகள் நிமிர்ந்து நின்றன. அவற்றால் பயன் ஒன்றும் இல்லை; அழகென்று பலர் கருதினர், அவ்வளவே. எனினும் காடிலாக்கின் உண்மைப் பெருமை வேறு. 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூன்று காடிலாக் வண்டிகளை அக்கக்காகக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் மூன்று வண்டிகளாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினர். அச்சு மாறாத உறுப்புகளை ஆலையில் ஆக்குதல் கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1912-ஆம் ஆண்டு வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்விசைத் தொடக்கி பொருத்தப்பட்டது. அதற்கு முன் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவோர், அது திருப்பி அடித்ததால் கை முறிந்தனர். சிலர் உயிரும் துறந்தனர். அத்துன்பம் அதனோடு அகன்றது. வலிமை குன்றியோரும் முதியோரும் வண்டியைத் தாமே ஓட்ட முடிந்தது. ஓட்டுநர் என்னும் ஏவலாளி இன்றியே செல்வர் செல்லலாயினர்.

இராணுவ வண்டிகளோடு 1919-ஆம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 62 நாள் புழுதியிலும் சேற்றிலும் பயணம் செய்த இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில் அவர் ஜெர்மனியின் ஆட்டோபானையும் கண்டார். அவர்தாம் பின்னர்க் குடியரசுத் தலைவரான ஐசனோவர். 1956-ஆம் ஆண்டில் 41,000 மைல் நெடுஞ்சாலை அமைக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அமெரிக்கச் சாலைகளில் நான்கு புறமும் 'நில்' என்னும் பலகை நட்ட சந்திப்புகள் பல உண்டு. காவலர் இல்லை, விளக்கும் இல்லை. எல்லோரும் நிற்கவேண்டும், முதலில் வந்தவர் முதலில் செல்லவேண்டும், வண்டியின் விலை அங்கு வினவப்படுவதில்லை.

ஆயினும் அச்சமன்மை வண்டிக்குள் இருந்தவரின் நிறத்தைக் கண்டு பலகாலும் நின்றுவிட்டது. கறுப்பின மக்கள் உயர்ந்த காரை வாங்க வல்லவராயினும், வழியில் உண்ணவும் உறங்கவும் இடம் பெறாது அலைந்தனர். சில ஊர்களில் பொழுது சாய்ந்தபின் அவர்கள் தங்குதலே ஆகாது. நியூயார்க் நகரத்து அஞ்சற்காரர் விக்டர் கிரீன் என்பார், அவர்களை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் பெட்ரோல் நிலையங்களையும் திரட்டி 1936-ஆம் ஆண்டு முதல் கையேடு ஒன்றை வெளியிட்டார். இக்கையேடு தேவைப்படாத நாள் ஒன்று வரும் என்று அவர் நம்பினார். 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

சோவியத்து ஒன்றியத்தில் எல்லாரும் சமம் என்று பேசப்பட்டது. ஆனால் மாஸ்கோவின் பெருந்தெருக்களில் நடுத்தடம் அரசுத் தலைவர்கள் ஏறிய சில், சைக்கா வண்டிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வண்டிகளைக் கடையில் வாங்கவும் இயலாது. இந்தியாவிலோ, ஆங்கிலேய மாரிஸ் வண்டியின் வழிவந்த அம்பாசிடர் காரே நெடுங்காலம் அமைச்சர் ஊர்தியாக விளங்கிற்று. அதன் உச்சியில் சுழன்ற சிவப்பு விளக்கு பிறரை ஒதுக்கிற்று. அவ்வண்டியின் ஆக்கம் 2014-ஆம் ஆண்டில் நின்றது. அவ்விளக்கை 2017-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் முதற்கொண்டு அமைச்சர் முதலானோர் பயன்படுத்தலாகாது என நடுவணரசு விதித்தது.

ஜப்பானியர் செல்வத்தை மறைத்து உயர்ந்தனர். நெசவுத் தறிகளை இயற்றிப் புகழ்பெற்ற சாக்கிச்சி டொயோடா பிறந்து நூறாண்டு நிறைந்ததை ஒட்டி, 1967-ஆம் ஆண்டில் 'செஞ்சுரி' என்னும் வண்டியை டொயோட்டா நிறுவனம் வெளியிட்டது. காண்பதற்கு அது எளிய கறுப்பு வண்டியே. இருக்கைக்குத் தோலினும் கம்பளித் துணியையே அங்குச் சிறப்பாகக் கருதுவர். தோல் கிறீச்சிடும், கம்பளி ஓசை செய்யாது என்பது காரணம். சாளரங்களில் மெல்லிய சல்லடைத் திரைகள் தொங்கும். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் பேரரசர் நருகித்தோவின் முடிசூட்டு ஊர்வலத்துக்கு மேற்கூரை நீக்கிய செஞ்சுரி வண்டியே சென்றது. வண்டியின் இவ்வடக்கம் சாலையிலும் தெரிகின்றது. ஒருவர் வழிவிட்டால், முன்சென்றவர் தம் வண்டியின் இருபுறத் திசைவிளக்குகளையும் ஒருங்கே இரண்டொரு முறை மின்னச் செய்து நன்றி கூறுவார். சட்டநூலில் இதற்கு இடமில்லை. மக்கள் தாமே வகுத்துக்கொண்டது.

இன்று இவ்வண்டிகளின் நாட்டுப் பெயர்கள் குழம்பிவிட்டன. ரோல்ஸ் ராய்ஸ் வண்டியை ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இங்கிலாந்தில் ஆக்குகின்றது. அந்நிறுவனமே சென்னைக்கு அருகில் 2007 முதல் கார்களைப் பூட்டி வருகின்றது. ஜாகுவார் 2008-ஆம் ஆண்டில் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துக்கு உரியதாயிற்று. தானே ஓட்டும் ஜெர்மானியர்க்கென வகுத்த வண்டிகளைச் சீனத்தில் விற்கும்போது பின்புறத்தை நீட்டிச் செய்கின்றனர். அங்குச் செல்வர் பின்னிருக்கையில் அமர்வர். வண்டி கப்பலேறும், ஓட்டும் வழக்கம் கப்பலேறுவதில்லை.

வழக்கத்தையும் மாற்றலாம் என்று காட்டிய நாடு ஸ்வீடன். அந்நாட்டு வால்வோ வண்டி துடுப்பாலோ அமைதியாலோ புகழ்பெறவில்லை. போர் விமானத்திலிருந்து ஓட்டியை வெளியேற்றும் இருக்கைகளை அமைத்துப் பழகிய நீல்ஸ் பூலின் என்பவர் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். தோளின் குறுக்கும் இடுப்பின் குறுக்கும் சென்று மூன்று இடங்களில் பிணையும் வார் ஒன்றை 1959-ஆம் ஆண்டில் அவர் ஆக்கினார். ஒரு கையாலேயே பூட்டும்படி அது எளிதாக இருந்தது. வால்வோ அதன் காப்புரிமையைப் பூட்டி வைத்துப் பொருள் ஈட்டியிருக்கலாம்; பிற நிறுவனங்களும் அதனைக் கையாளத் திறந்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸின் பின்னிருக்கையிலும் வாடகை வண்டியின் முன்னிருக்கையிலும் இன்று காணப்படுவது அவ்வாரே.

அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகச் சாலையின் இடப்புறம் சென்றனர். அண்டை நாட்டார் வலப்புறம் சென்றனர். ஸ்வீடனில் ஓடிய வண்டிகள் பெரும்பாலனவும் வலப்புறச் சாலைக்கு ஏற்பச் சுக்கானை இடப்பக்கத்தில் உடையன, ஆதலின் முந்துவோர்க்கு எதிர்வருவது சரியாகத் தெரியவில்லை, மோதல் பெருகிற்று. 1955-ஆம் ஆண்டில் மக்கள் கருத்தைக் கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் மாற்றம் வேண்டா என்றனர். எனினும் பாராளுமன்றம் 1963-ஆம் ஆண்டில் மாற்றுவதென முடிவு செய்தது. நான்காண்டுகள் ஆயத்தம் நடந்தது. சாலைக் குறிகள் புதிதாக நடப்பட்டுத் துணியால் மூடப்பட்டன; பேருந்துகளுக்கு மறுபக்கம் கதவு வைக்கப்பட்டது; பள்ளிகளில் பாடம் நடந்தது.

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியல். இன்றியமையாப் பணி உடைய வண்டிகளுக்கு மட்டுமே அவ்விரவில் சாலை திறந்திருந்தது. 4 மணி 50 நிமிடத்துக்கு அவை யாவும் நின்றன. பின்னர் மெல்ல நகர்ந்து சாலையின் மறுபுறம் சேர்ந்து, மீண்டும் நின்றன. தெருவோரத்தில் மக்கள் திரண்டு நோக்கினர். மணி ஐந்தானதும் அவை வலப்புறமாகப் புறப்பட்டன.